கீழிருந்து வெட்டிய எட்டு வரி

காலை ஆறு பத்து. அடுப்படிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நான் வைத்த தலைப்பு: ‘இருமலை விரட்டும் ஆடாதொடை’. இரண்டு பத்தி அகலம். காகிதம் பழுத்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்தப் பத்திரிகைத் துண்டைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார்கள். எதிரே ஸ்டவ்வில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மாமனார், கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“யாருக்கு மாமா?”

“பாப்பாவுக்குத்தான். விடிய விடிய இருமுச்சு, கேக்கலையா ஒனக்கு?”

பாப்பா என்பது என் நாத்தனார். வயது முப்பத்து நான்கு. ஆனாலும் இந்த வீட்டில் பாப்பாதான். கல்யாணமாகி ஒன்பது வருடம். கணவர் துபாயில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அந்த வாரம் காய்ச்சலுக்கு அவள் ஒரு மாத்திரை சாப்பிட்டிருந்தாள். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். சம்பந்தம் உண்டு என்று இரண்டு குடும்பத்தாரும் கூடி முடிவெடுத்தார்கள். இப்போது அவளுக்கு இருபத்திரண்டாவது வாரம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இலுப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அவள் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தை வெட்டிவிட்டார்கள். பதினான்கு காய் இருந்தது, எண்ணினேன். வெட்டியதோடு விடவில்லை. காயும் பாலும் கண்ணில் படக் கூடாது என்று ஆள் வைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். எள்ளுருண்டை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. அன்னாசிப் பழம் படம் போட்ட ஜாம் பாட்டில்கூடப் போனது. உள்ளே இருந்தது ஆப்பிள் ஜாம். அதே கொல்லையில், வெட்டிய மரத்துக்கு நாலடி தள்ளி, ஆடுமாடு வாய் வைக்காது என்பதற்காக வேலியாக நட்ட ஆடாதொடை ஆள் உயரத்துக்கு நின்றது. அதை யாரும் தொடவில்லை. அதன் இலைதான் இப்போது அடுப்பில்.

இருமலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சிரப், மூடி திறக்காமல், ஷோகேஸில் துபாய் சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பை நம்ப மாட்டார். டிவியை நம்ப மாட்டார். அச்சில் வந்ததை மட்டும் நம்புவார். எங்கள் பத்திரிகையின் சனிக்கிழமை இணைப்பில் வரும் மூலிகைப் பத்தியை ஒரு வாரம் விடாமல் கத்தரித்து, உறை போட்டு, கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். முந்நூறுக்கு மேல் இருக்கும். தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் கோப்போடு போவார். “இது எங்க மருமக போடுற பக்கம்” என்று முதல் உறையைக் காட்டிவிட்டுத்தான் வைத்தியம் சொல்வார்.

அது உண்மை. திருச்சி அலுவலகத்தில் அந்த இணைப்பை நான்தான் பத்து வருடமாகப் பார்க்கிறேன். பத்தியை எழுதுபவர் திருமயத்தில் இருக்கும் ஒரு சித்த மருத்துவர். பட்டம் படித்தவர், நிதானமானவர். அவர் எழுத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் செடியின் பெருமை, பிறகு குணம், செய்முறை, அளவு. கடைசியில், யாருக்கு ஆகாது. பத்திக்கு எங்கள் கணக்கு நாற்பத்தெட்டு வரி. அவர் ஐம்பத்தாறு, அறுபது வரி என்று எழுதுவார். மிச்சத்தை நான் வெட்டுவேன். பத்திரிகையில் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். அதற்கு மருத்துவம் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த துண்டை எடுத்துப் படித்தேன். “தேன் கலந்து காலை, மாலை பருகலாம்” என்று அழகாக முடிந்திருந்தது. முற்றுப்புள்ளியும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு ஜவுளிக் கடை விளம்பரத்தின் மேல் கோடு. அந்த முற்றுப்புள்ளிதான் எனக்கு உறுத்தியது. அந்த மருத்துவர் “பருகலாம்” என்று ஒரு பத்தியையும் முடித்ததில்லை.

ஆறு நாற்பதுக்கு அவருக்குப் போன் செய்தேன்.

“கடைசியா எட்டு வரி இருந்துச்சும்மா” என்றார். எடுத்த எடுப்பில் சொன்னார், யோசிக்கவே இல்லை. “கர்ப்பிணிங்க தொடவே கூடாது, கர்ப்பப்பையச் சுருங்க வைக்கும்னு தெளிவா எழுதியிருந்தேன். அச்சுல வரலை. அன்னைக்கே ஒங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேனே.”

“நான் என்ன சொன்னேன் சார்?”

“எடம் இல்லைன்னீங்க.”

எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். வாரத்துக்கு நாலு பேரிடமாவது அதைச் சொல்கிறேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மாமனாரிடம் நீட்டினேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தன்னிடம் வரும் கர்ப்பிணிகளுக்கு அந்த இலையைத் தான் கொடுப்பதே இல்லை, பேறுகாலம் முடிந்த பிறகுதான் என்றார். மாமனார் “சரிங்க, சரிங்கய்யா, ரொம்ப சந்தோஷங்க” என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும் பாத்திரத்தை இறக்கி வடிகட்ட ஆரம்பித்தார்.

“மாமா, இப்பத்தானே சொன்னாரு?”

“போன்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாய்ங்க. அது அவருதான்னு எனக்கு என்ன தெரியும்? பேப்பர்ல வாறப்ப பொறுப்பா போடுவாங்க.”

“பொறுப்பா போட்டது நான்தான் மாமா. நான்தான் அந்த எட்டு வரிய வெட்டுனேன்.”

“அன்னைக்குப் பொறுப்பா போட்ட. இன்னைக்குப் பயத்துல பேசுற.”

“அப்ப அந்த எட்டு வரியையும் நானே எழுதித் தாறேன்.”

“நீ எழுதுனா அது வெறும் லெட்டருத்தா, பேப்பர் இல்ல.”

மாமியார் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: “எலைதானே. இங்கிலீஷ் மருந்தா குடுக்குறோம்? நம்ம வேலியில மொளைச்சது நம்ம பிள்ளைய என்ன பண்ணிரப் போகுது?”

பப்பாளியும் நம் கொல்லையில் முளைத்ததுதான் என்றேன். “அது வேற” என்றார்.

மாமனார் டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார். “இந்தா பாரு. ஆகாதுன்னு பேப்பர்ல போடு. போட்டுக் கொண்டா. அன்னைக்கே நிப்பாட்டிர்றேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

பாப்பா கட்டிலில் உட்கார்ந்து குடித்தாள். அவர் கடைசி மடக்கு வரை எதிரில் நின்றார். அவர் போன பிறகு நான் மருத்துவர் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

“நீங்க ஒண்ணு சொல்றீங்க, அப்பா ஒண்ணு சொல்றாரு” என்றாள். “போன தடவை டாக்டரு சொன்னதைக் கேட்டுத்தானே மாத்திரை தின்னேன், போச்சுல்ல? இந்த வாட்டி அப்பா சொல்றதைக் கேட்டுட்டுப் போறேன் அண்ணி. ஒண்ணு ஆனாலும் யாரும் என்னையச் சொல்ல மாட்டாங்க.”

பாத்திரத்தில் மீதமிருந்ததைத் தொட்டியில் கவிழ்த்தேன். வேலியில் இலைக்குப் பஞ்சமா? இருபது நிமிடத்தில் மாமனார் அடுத்ததை ஏற்றியிருந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் போன் செய்தேன். “நான் அப்பாட்டப் பேசுறேன்” என்றார். பேசவும் செய்தார். தண்ணீர் மோட்டாருக்குப் புது காயில் கட்டுவது பற்றி.

மறுநாள் அலுவலகத்தில் பொறுப்பாசிரியரிடம் போனேன். சனிக்கிழமை இணைப்பில் நாலு வரித் திருத்தம் போட வேண்டும் என்றேன். எந்தப் பத்திக்கு என்று கேட்டார். சொன்னேன்.

“ஆறு வருசம் கழிச்சுத் திருத்தமா? யாராச்சும் கேஸ் போட்டிருக்காங்களா?”

“இல்ல சார்.”

“லெட்டர் எதுவும்?”

“இல்ல சார். எங்க வீட்ல குடிக்கிறாங்க.”

சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல, சிரிக்கும்படிதான் இருந்தது. பிறகு மேஜை மேல் கையை ஊன்றிச் சொன்னார். “யோசிச்சுப் பாருங்க. ஆடாதொடைக்குப் போட்டா, கத்தாழைக்கு என்ன பண்ணுவீங்க? கழற்சிக்காய்க்கு? எதுலெதுல வெட்டுனோம்னு ஒங்களுக்கே தெரியாது. ஒண்ணுக்குத் திருத்தம் போட்டா மிச்சமெல்லாம் சரின்னு ஆயிரும். ஒண்ணுக்கும் போடாம இருந்தா அந்தச் சிக்கல் இல்ல பாருங்க.”

இருபது வருட அனுபவத்தில் வந்த தர்க்கம் அது. எனக்கும் அதே அனுபவம் இருந்ததால் உடனே புரிந்தது.

வியாழக்கிழமை நிலைமை மோசமானது. அதாவது, இருமல் குறைந்தது. அந்த இலை இருமலுக்குக் கேட்கும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, திருமயம் மருத்துவருக்கும் இல்லை. வீட்டில் அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. “நின்னுருச்சு பாத்தியா?” என்றார் மாமியார். நின்றது முழுதாக நிற்கட்டும் என்று இரண்டு வேளை மூன்று வேளையானது.

அன்று மதியம் நான் செய்ததை என் தொழிலில் இருப்பவர்கள் செய்யக் கூடாது. பழைய பத்தியை மறுபடி கம்ப்யூட்டரில் அமைத்தேன். அதே எழுத்து, அதே அகலம், அதே தலைப்பு. மருத்துவர் போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த எட்டு வரியையும் கீழே சேர்த்தேன். மேலே, வரும் சனிக்கிழமையின் தேதி. பிழை திருத்துவதற்காகப் பக்கம் எடுக்கும் மெஷினில், செய்தித்தாள் காகிதம் வைத்து ஒன்று எடுத்தேன். ஓரத்தை நேராக வெட்டாமல், கத்தரிக்கோல் கொஞ்சம் ஆடியது போல வெட்டினேன். இருபது வருடத்தில் இவ்வளவு கவனமாக ஒரு பத்தி வடிவமைத்ததில்லை. விராலிமலை வழியாக வரும் பஸ்ஸில் அதைப் புத்தகத்துக்குள் வைத்து மடங்காமல் கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு நீட்டினேன். “நாளைக்கு வரப்போற பேப்பர் மாமா. முன்னாடியே அடிச்சிருவோம்.” இணைப்பு உண்மையிலேயே முன்கூட்டி அச்சாகும். ஆகவே அது முழுப் பொய் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். “கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்” என்ற இடத்தில் விரல் நின்றது. முகம் மாறியது. தலையை மெல்ல ஆட்டினார். முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு துண்டைத் திருப்பினார்.

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அவர் எழுந்துபோய்ப் பழைய துண்டை எடுத்துவந்து அதையும் திருப்பி வைத்தார். அதன் பின்னால் ஒரு கண்ணீர் அஞ்சலியில் பாதியும், மணல் லாரி பிடிபட்ட செய்தியில் மூன்று வரியும் இருந்தன.

“ஏத்தா, எந்த ஊருல ஒத்தப் பக்கம் மட்டும் பேப்பர் அடிக்கிறாய்ங்க?”

வெள்ளைப் பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“முப்பது வருசம் பஸ்ஸுல போலிப் பாஸ் புடிச்சவன் நான். காலேஜ் பயலுக ஒன்னைய விட நல்லாப் பண்ணுவாய்ங்க.”

கோபப்பட்டுக் கத்தியிருந்தால் பரவாயில்லை. வருத்தப்பட்டார். தன் மருமகள், அதுவும் பத்திரிகையில் இருப்பவள், இப்படி இறங்கிவிட்டாளே என்று உண்மையாக வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தோடே அடுப்பைப் பற்ற வைத்தார். அதுவரை அவருக்குள் கடுகளவு சந்தேகம் இருந்திருக்குமானால், அதை நான் அந்த வெள்ளைப் பக்கத்தால் துடைத்துவிட்டேன். காலை வேளை டம்ளரைப் பாப்பா குடித்தாள். குடிக்கும்போது டம்ளருக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பத்து நாற்பதுக்கு, நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, வயிறு கல்லு மாதிரி ஆகுது. விட்டு விட்டு வருது.”

“எப்ப இருந்து?”

“காலையில இருந்து. அப்பாட்டச் சொல்லாதீங்க.”

ஆட்டோவில் இலுப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், மாமியார், பாப்பா. மாமனார் பின்னாலேயே வண்டியில் வந்தார், பத்திரிகைத் துண்டுகள் அடுக்கிய கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரிக்கு ஏன் அதைக் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. ரேஷன் கார்டு மாதிரி எடுத்துவந்திருப்பார்.

நர்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டார்: “நாட்டு மருந்து, கசாயம், அது இதுன்னு ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“அதெல்லாம் எங்க வீட்ல பழக்கமே கெடையாதுங்க” என்றார் மாமியார். பொய் சொல்கிறவர் அல்ல. அவர் கணக்கில் மருந்து என்பது கடையில் காசு கொடுத்து வாங்குவது.

“ஆடாதொடை இலைக் கசாயம்” என்றேன். “நாலு நாள். நேத்துல இருந்து மூணு வேளை.”

டாக்டர் இளம் பெண். இலையின் பெயரைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். “யாரு சொல்லிக் குடுத்தீங்க?”

மாமனார் முன்னால் வந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல அல்ல, டிக்கெட்டைக் காட்டுகிறவர் போல. கோப்பைத் திறந்து சரியான உறையை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் நின்றபடியே படித்தார். அதற்குள் பாப்பாவை உள்ளே படுக்க வைத்து ஊசி போட்டிருந்தார்கள்.

“ஏன் சார், இதுல கர்ப்பமா இருக்கவங்களுக்கு ஆகாதுன்னு ஒரு வரி போடக் கூடாதா? யாரு போடுறா இதையெல்லாம்?”

மாமனார் என்னைக் கைகாட்டினார். பழக்கதோஷம். “எங்க மருமகதாங்க அந்தப் பக்கம் பாக்குது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். என் சேலையை, தோள்பையை, அலுவலக அட்டையைப் பார்த்தார். “அந்த வரி இருந்துச்சுங்க டாக்டர்” என்றேன். “எங்க?” என்றார். நான் அந்தத் துண்டின் அடியில் இருந்த ஜவுளிக் கடைக் கோட்டைக் காட்டினேன். அவருக்குப் புரிந்திருக்காது. புரியும்படி சொல்லவும் நேரமில்லை. ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

அங்கே வயிற்று இறுக்கம் மறுநாள் குறைந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றது. காரணம் இலையாக இருக்கலாம், நாள்கணக்கில் இருமியதாக இருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கிறது, அதுவாகவும் இருக்கலாம் என்றார்கள். இலைதான் என்று யாரும் சொல்லவில்லை. இலை இல்லை என்றும் சொல்லவில்லை. பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை எழுதினார்கள். மாமியார் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார், அட்டையில் ஒன்றுகூடக் குறையாமல் எண்ணி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாமனாரும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் கோப்பை மடியில் விரித்து, பக்கத்து பெஞ்சைப் பார்த்தபடி கேட்டார்.

“மத்ததுலயும் வெட்டியிருக்கியா?”

திருமயத்துக்குப் போன் போட்டேன். மருத்துவர் தன் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டார். மாமனார் தலைப்பைப் படிப்பார். நான் போனில் கேட்பேன். சோற்றுக்கற்றாழை. மலைவேம்பு. கருஞ்சீரகம்.

“இதுல?”

“இதுலயும் மாமா.”

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, டிக்கெட்டில் கிழிப்பது போல ஓரத்தில் ஒரு கீறல் போட்டார். கழற்சிக்காய்க்கு ஒரு கீறல். எங்கள் தெருவில் மூன்று பெண்களுக்கு அதை அவரே சொல்லியிருக்கிறார். அவர்கள் யார் யார் என்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். பிறகு திறந்தார். கோப்பில் பாதி தாண்டுவதற்குள் நாற்பத்தொரு கீறல்.

“ஏத்தா, ஒங்க பேப்பர்ல எதையாச்சும் முழுசாப் போட்டிருக்கீங்களா?”

“வெளம்பரத்தை மாமா.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மருத்துவரிடம், யாருக்கு ஆகாது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதி அனுப்பினார். படித்த உடனே வாசகன் ஓடிவிடுவான், அதைக் கீழே கொண்டுபோங்கள் என்றார் பொறுப்பாசிரியர். கொண்டுபோகவில்லை. அதற்குப் பதிலாகச் செடியின் பெருமையைப் பன்னிரண்டு வரி வெட்டினேன். செடியின் பெருமை எங்கே என்று கேட்டு எங்களுக்குக் கடிதம் வந்தது, ஒன்றல்ல, ஏழு.

பாப்பாவுக்கு முப்பத்தாறாவது வாரத்தில் புதுக்கோட்டையில் பெண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். பன்னிரண்டு நாள் இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது.